ஒரு குரலைப் பல குரலாக்கும் கைபேசிச் செயலிகள்: அன்னமாச்சாரியார் கீர்த்தனைக்குப் பொருந்துமா?

திருப்பதி: தனியொருவர் பாடிய பாடலை நான்கு பேர் சேர்ந்து பாடியது போல ஒலிக்கச் செய்யும் கைபேசிச் செயலிகள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வாடகை கொடுக்க இயலாத பாடகர்களும் பஜனைக் குழுவினரும் இசை மாணவர்களும், ஒரு கைபேசியும் இயர்போனும் இருந்தால் போதும், பின்பாட்டுடன் கூடிய பாடலை வீட்டிலிருந்தே உருவாக்கிவிடலாம். ஆனால், திரையிசைக்கு எளிதில் பொருந்தும் இந்தத் தொழில்நுட்பம், தெலுங்கும் தமிழும் கலந்து ஒலிக்கும் திருப்பதி, சித்தூர் வட்டாரத்தின் கீர்த்தனை மரபுக்கு அப்படியே பொருந்துவதில்லை. இச்செயலிகள் மேற்கத்திய இசை முறையை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கப்பட்டவை என்பதே இதற்குக் காரணம்.

ஐபோனில் இயங்கும் கராஜ்பேண்ட், ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் இயங்கும் பேண்ட்லேப், வோலோகோ ஆகியவை பரவலாக அறியப்பட்ட செயலிகள். இவற்றில் உள்ள வசதிகள் செயலிக்குச் செயலி மாறுபடும். எனினும், சுருதியைத் திருத்துவது, சுருதியை மாற்றிக் கூடுதல் குரல்களை உருவாக்குவது ஆகிய இரண்டு வேலைகளே இத்தொழில்நுட்பத்தின் அடிப்படை.

குரலின் சுருதியை மாற்றுவது புதிய கலை அன்று. ஒலிநாடாவை வேகமாக ஓட்டினால் குரல் கீச்சிடும் என்பதை அந்தக் காலத்து ஒலிப்பதிவாளர்கள் அறிந்திருந்தனர். ஆனால் அம்முறையில் பாடலும் விரைந்து முடிந்துவிடும். ஷட்ஜத்தில் பாடிய குரலை அந்தர காந்தாரத்துக்கு உயர்த்த வேண்டுமானால் நாடாவைச் சுமார் 1.26 மடங்கு வேகத்தில் ஓட்ட வேண்டும். 60 வினாடிப் பாடல் 48 வினாடிக்குள் முடிந்துவிடும். வேகத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் மாற்றும் கருவியாக ஈவன்டைட் நிறுவனத்தின் ஹார்மனைசர் 1970களின் நடுப்பகுதியில் ஒலிப்பதிவுக் கூடங்களுக்குள் நுழைந்தது. நிலத்தடி எண்ணெய் வளத்தைத் தேடும் அதிர்வலை ஆய்வில் பணியாற்றிய ஆண்டி ஹில்டெபிராண்ட் என்ற அமெரிக்கர், அதே வகைக் கணக்கீட்டு அறிவைப் பாடகரின் குரலுக்குப் பயன்படுத்தி 1997-ல் ஆட்டோ-டியூன் மென்பொருளை வெளியிட்டார். மறு ஆண்டே பாடகி ஷெரின் பாடல் ஒன்று அந்த இயந்திரத் தொனியை உலகெங்கும் கொண்டு சென்றது. அன்று கூடங்களில் மட்டுமே இருந்த இந்தத் திறன் இப்போது சட்டைப்பைக்குள் வந்துவிட்டது.

செயலி செய்வது இதுதான்: குரல் ஒரு வினாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதை இடைவிடாமல் அளக்கிறது. ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் ஒருவரின் ஷட்ஜம் சுமார் 196 ஹெர்ட்ஸ் என்றால், அதற்கு மேல் அந்தர காந்தாரம் 247 ஹெர்ட்ஸிலும் பஞ்சமம் 294 ஹெர்ட்ஸிலும் அமையும். குரலலையைச் சிறு துண்டுகளாக்கி, அவற்றை நெருக்கியோ விலக்கியோ அடுக்கி, அந்த உயரங்களில் புதிய குரல்களைச் செயலி உருவாக்குகிறது. தொண்டையும் வாயும் குரலுக்குத் தரும் தனித்தன்மையை ஃபார்மன்ட் என்பர். அது மாறாமல் பார்த்துக்கொள்ளும் வசதி இருந்தால், உயர்த்திய குரலும் மனிதக் குரலாகவே கேட்கும். இல்லையெனில் பொம்மைக் குரலாகிவிடும்.

எந்தக் குரலை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதைச் செயலி எப்படி முடிவு செய்கிறது? பாடலின் 'கீ' எது, 'ஸ்கேல்' எது என்று அது பயனரைக் கேட்கிறது. பெரும்பாலும் மேஜர், மைனர் என்ற இரண்டே முதலில் கண்ணில் படும். சில செயலிகள் பின்னணி இசையைக் கேட்டுத் தாமே கணித்துக்கொள்கின்றன. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டுமே மீட்டப்படும் தம்புராவைப் பின்னணியாக வைத்தால், மேஜரா மைனரா என்று தீர்மானிக்கச் செயலிக்குப் போதிய தகவல் இல்லை. ஊகத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடும்.

மேஜர் என்பது நம் சங்கராபரணத்தின் ஸ்வர வரிசை. மைனர் என்பது நடபைரவி. கீரவாணி, கரகரப்பிரியா, கல்யாணி ஆகியவற்றுக்கும் மேற்கத்திய இசையில் இணையான வரிசைகள் உண்டு. இவற்றில் அமைந்த எளிய மெட்டுகளுக்குச் செயலியின் ஹார்மனி ஓரளவு பொருந்தும். ஆனால் அன்னமாச்சாரியார் கீர்த்தனைகளில் இடம்பெறும் பௌளியை எடுத்துக்கொள்வோம். அதன் சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் மேஜர் வரிசையில் இல்லை. மேஜர் என்று குறிக்கப்பட்ட செயலி, பாடகர் சரியாகப் பாடிய சுத்த ரிஷபத்தைப் 'பிழை' என்று கருதி, ஷட்ஜத்துக்கோ சதுஸ்ருதி ரிஷபத்துக்கோ தள்ளிவிடும். பாடியவர் பௌளி பாடினார். கேட்பவருக்குப் பௌளி கிடைக்காது.

மோகனத்தில் நேர்வது இன்னும் நுட்பமானது. ஸ, ரி, க, ப, த என்ற அதன் ஐந்து ஸ்வரங்களும் மேஜர் வரிசைக்குள் அடங்கியவை என்பதால், பாடகரின் குரலைச் செயலி குலைக்காது. எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். ஆனால் மூன்றாம் ஸ்வர ஹார்மனியைச் சேர்த்தால், ரிஷபத்துக்குத் துணையாக மத்யமமும், பஞ்சமத்துக்குத் துணையாக நிஷாதமும் ஒலிக்கும். மோகனத்தில் இல்லாத ஸ்வரங்கள் இவ்விரண்டும்தான். ராகத்தின் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவற்றைப் பின்பாட்டு உள்ளே அழைத்து வந்துவிடுகிறது. ஐந்து ஸ்வர வரிசையான பென்டடானிக்கைத் தேர்ந்தெடுக்கவோ, ஸ்வரங்களை ஒவ்வொன்றாகக் குறிக்கவோ வசதியுள்ள செயலியில் இதைத் தவிர்க்கலாம். அப்போது ரிஷபத்துக்குப் பஞ்சமமும், காந்தாரத்துக்குத் தைவதமும், பஞ்சமத்துக்கு மேல் ஷட்ஜமும் துணையாக அமையும்; ராகம் பிழைக்கும்.

அடுத்த சிக்கல் கமகம். கர்நாடக இசையில் ஸ்வரம் ஒரு புள்ளியில் நிற்பதில்லை. அசைகிறது, வழுக்குகிறது, அடுத்த ஸ்வரத்தைத் தொட்டு மீள்கிறது. தோடியின் காந்தாரத்தை அசைக்காமல் பாடினால் அது தோடியே அன்று. சுருதித் திருத்தத்தை வேகமாக இயங்க வைத்தால், இந்த அசைவு படிக்கட்டு போல வெட்டுப்படும். ஹார்மனியிலோ, அசையும் குரல் இரண்டு ஸ்வரங்களுக்கு இடையே ஊசலாடும்போதெல்லாம் துணைக் குரலும் வேறு இரண்டு இடங்களுக்குத் தாவித் தாவிப் படபடக்கும். இதைக் கேட்பவர்கள் 'கைபேசியில் ஏதோ கோளாறு' என்று நினைப்பதுண்டு. கோளாறு எதுவுமில்லை, செயலி தனக்குச் சொல்லப்பட்டதையே செய்கிறது.

இந்த வட்டாரத்தில் இது வெறும் அழகியல் விவாதமாக நின்றுவிடாததற்குத் தனிக் காரணம் உண்டு. தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் (1408-1503) இயற்றிய பாடல்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுத் திருமலைக் கோயிலில் பல நூற்றாண்டுகள் இருந்தன. 20-ம் நூற்றாண்டில்தான் அவை வெளி உலகின் கவனத்துக்கு வந்தன. அச்செப்பேடுகளில் பாடல் வரிகளும் ராகப் பெயரும் உள்ளன. ஸ்வரக் குறிப்பு இல்லை. அதாவது, மூல மெட்டு எப்படி இருந்தது என்பதற்கு எஞ்சியிருக்கும் முதன்மையான இசைத் தடயம் ராகத்தின் பெயர். ராள்ளப்பள்ளி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி, 2025 மார்ச்சில் திருப்பதியில் காலமான கரிமெல்லா பாலகிருஷ்ண பிரசாத் ஆகியோர் புதிதாக மெட்டமைத்தே இப்பாடல்களை மீண்டும் மக்களிடம் சேர்த்தனர். செப்பேட்டில் உள்ள ராகத்தை விட்டு வேறு ராகத்தில் அமைந்த மெட்டுகளும் இன்று வழக்கில் உள்ளன என்பது உண்மையே. ஆனால் அவை இசையறிந்தோர் தேர்ந்து செய்த மாற்றங்கள். செயலியில் ஒரு பொத்தானைக் கவனிக்காமல் விட்டதால் ராகம் மாறுவதை அவற்றோடு ஒப்பிட முடியாது. இணையத்தில் கேட்டே பாடம் பண்ணும் சிறார்கள், அந்தத் திரிந்த ஸ்வரத்தையே மூலம் என்று கொள்ளவும் கூடும்.

அப்படியெனில் ஹார்மனி செயலிகளை ஒதுக்கிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. எங்கே பயன்படும் என்று அறிந்து பயன்படுத்தினால் அவை நல்ல துணை.

முதலாவது, பஜனை. முன்னே ஒருவர் பாட, பின்னே குழு பாடுவதே பஜனையின் இயல்பு. அந்தக் குழு மேற்கத்திய முறையில் ஹார்மனி பாடுவதில்லை. அதே மெட்டை அதே ஸ்தாயியிலோ, ஆண், பெண் குரல்கள் கலக்கும்போது ஒரு ஸ்தாயி மேலோ கீழோ பாடுகிறது. எம்.எஸ். சுப்புலட்சுமி 1963-ல் பதிவு செய்த வெங்கடேச சுப்ரபாதத்தில் ராதா விஸ்வநாதனின் குரலும் ஒரே மெட்டில்தான் இணைந்து செல்கிறது. எனவே செயலியில் மூன்றாம் ஸ்வரத்தைத் தேடாமல், ஒரு ஸ்தாயி கீழே ஒரு குரலைச் சேர்ப்பது ராகத்துக்குத் தீங்கு செய்யாது. எந்த ஸ்வரமும் ஸ்தாயி மாறினால் அதே ஸ்வரமாகவே இருக்கும் என்பதால், ஸ்கேல் தேர்வே தேவைப்படாது. கமகமும் இணையாகவே அசையும்.

குழுவாக ஒலிக்கச் செய்ய, பலர் பதிவை அப்படியே நகலெடுத்து அடுக்குகின்றனர். ஒரே அலையை இரண்டு முறை வைத்தால் ஒலி உரக்கக் கேட்குமே தவிர, ஆள் கூடாது. நகலை 20 மில்லி வினாடி அளவு தள்ளி வைத்து, அரைஸ்வரத்தின் 100 சென்ட்டில் எட்டோ பத்தோ சென்ட் மட்டும் சுருதியை விலக்கினால் இன்னொருவர் உடன் பாடும் உணர்வு வரும். அதைவிடச் சிறந்தது, மூன்று முறை உண்மையாகவே பாடிப் பதிவதுதான்; அதற்குச் செயலியும் தேவையில்லை, செலவும் இல்லை.

உண்மையான ஹார்மனியே வேண்டுமென்றால், அதற்கெனத் தனியாக ஒரு பதிவு செய்வது நல்லது. பாடலின் ஆதார ஸ்வரங்களை மட்டும் அசைவின்றி நீளமாகப் பாடி, அந்தப் பதிவைச் செயலியிடம் தர வேண்டும். கமகம் நிறைந்த முதன்மைக் குரலைத் தொடவே கூடாது. இந்திய மெட்டில் பல குரல்களைப் பின்னுவது இயலாத செயல் அன்று என்பதற்கு 'சிட்டுக்குருவி' (1978) படத்தில் இளையராஜா ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிய குரல் வரிகளே சான்று. அங்கே இரண்டாவது வரியைத் தீர்மானித்தது இசையமைப்பாளரின் காது.

கட்டைக் கணக்கில் பழகியவர்கள் கீயைத் தேர்வதில் தடுமாறுவதுண்டு. ஒரு கட்டை சி, இரண்டு டி, மூன்று இ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ. ஐந்தரைக் கட்டை என்றால் ஜி ஷார்ப். எவர் எந்தக் கட்டையில் பாடினாலும் அவருடைய ஷட்ஜமே கீ. தம்புரா அல்லது சுருதிப் பெட்டி வழக்கமான அளவிலிருந்து சற்று விலகியிருந்தால், செயலியின் அடிப்படைச் சுருதியையும் அந்த அளவு நகர்த்த வேண்டும். இல்லையெனில் பாடகர் சுருதி சுத்தமாகப் பாடினாலும் செயலி அவரைத் திருத்திக்கொண்டே இருக்கும்.

பாடும்போதே ஹார்மனியைக் கேட்க விரும்புவோர் கம்பியுள்ள இயர்போனையே பயன்படுத்த வேண்டும். 100 ஹெர்ட்ஸில் பாடும் ஆண் குரலின் ஓர் அதிர்வுக்கே 10 மில்லி வினாடி ஆகும். சுருதியை உறுதிசெய்யச் செயலி இரண்டு அதிர்வுகளாவது காத்திருக்க வேண்டியுள்ளது. புளூடூத் வழியே கேட்டால் அதன்மேல் இன்னும் 100 மில்லி வினாடிக்கு மேல் கூடும், தாளம் தப்பிவிடும்.

உரிமை குறித்தும் சில குழப்பங்கள் நிலவுகின்றன. அன்னமாச்சாரியாரின் பாடல் வரிகள் எவருக்கும் பொதுவானவை. ஆனால் 20-ம் நூற்றாண்டில் அமைக்கப்பட்ட மெட்டுகள் அப்படியல்ல. இந்திய பதிப்புரிமைச் சட்டப்படி இசையமைப்பாளரின் வாழ்நாளுக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும்; ஒலிப்பதிவுக்கும் வெளியீட்டிலிருந்து 60 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. பிறர் பதிவின் சுருதியை ஓர் அரைஸ்வரம் மாற்றிப் பதிவேற்றினால் இணையதளத்தின் தானியங்கிக் கண்காணிப்பிலிருந்து தப்ப முடிந்தாலும், சட்டப்படி அது அதே பதிவுதான்.

தன் குரலைப் பெருக்குவதும் பிறர் குரலை உருவாக்குவதும் வேறு வேறு. சில செயலிகளில் இரண்டும் அருகருகே இருப்பதால் வேறுபாடு மங்கிவிடுகிறது. ஸ்ரீகாளஹஸ்தியிலும் திருப்பதியிலும் பயின்று, 2020-ல் மறைந்த எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரல், 2023-ல் வெளியான 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படத்தில் அனுமதியின்றிச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டதாகக் கூறி, அவரது குடும்பத்தினர் 2024 ஜனவரியில் படக்குழுவினருக்குச் சட்ட நோட்டீஸ் அனுப்பினர். அதே காலத்தில் 'லால் சலாம்' படத்துக்காக மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை மறுஉருவாக்கம் செய்த ஏ.ஆர். ரஹ்மான், குடும்பத்தினரின் அனுமதி பெற்று ஊதியமும் வழங்கியதாகத் தெரிவித்தார். பாடகர் அரிஜித் சிங்கின் குரலைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் அனுமதியின்றிப் பயன்படுத்துவதற்கு எதிராகப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் இடைக்காலப் பாதுகாப்பு வழங்கியது.