பேட்டரியைப் பழிக்கும் முன்...

காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. புல் வெட்டும் சிறு டிராக்டர் கிளம்ப மறுக்கிறது. "பேட்டரி செத்துப்போச்சு, புதுசு வாங்கிப் போடு" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வாங்கிப் போட்டால் இரண்டு வாரம் ஓடுகிறது. மூன்றாம் வாரம் மறுபடியும் அதே 'டிக்'!

தோட்ட வேலை போக மீதி நேரத்தில் புல் வெட்டும் குத்தகை எடுத்து நாலு காசு பார்க்கும் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயமன்று. வண்டி நின்றால் அன்றைய வரும்படி நிற்கிறது. வீணாக வாங்கிய பேட்டரியோ பிள்ளைகளின் பள்ளிச் செலவில் கை வைக்கிறது. குற்றம் யாரிடம் என்று கண்டுபிடிக்க ஒரு சிறிய மீட்டரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

பேட்டரி ஊற்றுக் கிணறு அன்று, தண்ணீர்த் தொட்டி. 1859-இல் பிரெஞ்சுக்காரர் காஸ்டோன் பிளான்டே கண்டுபிடித்த நாள் முதல் ஈய-அமில பேட்டரியின் குணம் இதுதான். ஊற்றினால்தான் இறைக்கலாம்.

பெரும்பாலான சிறு டிராக்டர்களில் இஞ்சினின் சுழல் சக்கரத்தில் காந்தங்கள் பதித்திருக்கும். அதனடியில் செப்புக் கம்பிச் சுருள். சக்கரம் சுற்றும்போது சுருளில் ஏசி மின்சாரம் பிறக்கும். பேட்டரிக்கு வேண்டியதோ டிசி. நடுவிலுள்ள ரெகுலேட்டர் என்னும் சிறு பெட்டி அதை மாற்றி, அளவோடு அனுப்புகிறது. சுருள், ரெகுலேட்டர், வயர் ஆகிய மூன்றில் எது கெட்டாலும் தொட்டி நிரம்பாது.

முதலில் கண்ணால் பாருங்கள்

இஞ்சினை நிறுத்திவிட்டு, பேட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கழற்றும்போது மைனஸ் வயர் முதலில். மாட்டும்போது அது கடைசியில். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்டுத் தீப்பொறி பறக்கும். ஆப்ப சோடா கரைத்த நீரால் முனைகளைத் துடையுங்கள். பேட்டரிக்குள் ஒரு சொட்டும் போகக்கூடாது. மூடி திறக்கும் வகையானால் தகடுகள் நீரில் மூழ்கியிருக்க வேண்டும். குறைந்தால் காய்ச்சி வடித்த நீரே ஊற்றவேண்டும். குழாய்த் தண்ணீர் ஆகாது. ஃபியூஸையும், எலி கடித்த வயர் உண்டா என்பதையும் பாருங்கள்.

மீட்டர் சொல்லும் சேதி

இரவு முழுதும் ஓய்ந்திருந்த 12 வோல்ட் பேட்டரி சுமார் 12.6 காட்டினால் நிறைந்திருக்கிறது. 12-க்குக் கீழே போனால் காலி, சார்ஜரில் நிரப்புங்கள். நிரப்பியபின் வயரைக் கழற்றி வைத்தும் மறுநாள் மளமளவென்று இறங்கினால் பேட்டரிதான் கெட்டது. மாட்டியிருக்கும்போது மட்டும் இறங்கினால் வண்டியில் எங்கோ மின்சாரம் கசிகிறது.

அடுத்து இஞ்சினை வேகமாக ஓடவிட்டு அளங்கள். 13.5 முதல் 14.7 வரை ஏறினால் சார்ஜ் நன்றாக ஏறுகிறது. முன்பிருந்த எண்ணிலேயே நின்றாலோ இறங்கினாலோ சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது.

சார்ஜ் ஏறவில்லையா? ரெகுலேட்டரை உடனே தூக்கி எறியாதீர்கள். பல வண்டிகளில் அதன் உடம்பே எர்த். போல்ட்டுக்கு அடியில் துரு ஏறினால் வேலை செய்யாது. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால், இஞ்சினை நிறுத்திச் சுருளின் வயரைப் பிரித்து, மீட்டரை ஏசியில் வைத்து, மீண்டும் ஓடவிட்டு அளங்கள். வண்டியின் கையேட்டில் உள்ள அளவு வந்தால் சுருள் நலம். குறை ரெகுலேட்டரிலோ வயரிலோ. ஒன்றுமே வராவிட்டால் சுருளைத்தான் பார்க்கவேண்டும்.

உயிர் முக்கியம்

சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து எரியும் வாயு வரும். பக்கத்தில் சிகரெட் கூடாது. அமிலம் கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் சுத்தமான தண்ணீரால் கழுவி, உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். இஞ்சின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றவே கூடாது. புல் வெட்டும் கத்தியை நிறுத்தி, பிரேக் போட்டு, திறந்த வெளியில் சோதியுங்கள். கைலி கட்டிக்கொண்டு ஓடும் இஞ்சினை நெருங்காதீர்கள்.

அப்பா எண்ணைச் சொல்ல, பள்ளி செல்லும் மகனோ மகளோ நோட்டில் எழுதட்டும். பட்டறைக்கே போக நேர்ந்தாலும் அந்த நோட்டைக் கொண்டு போங்கள். எண் தெரிந்தவரிடம், தேவையில்லாத சாமானை யாரும் எளிதில் தலையில் கட்டிவிட முடியாது.