பச்சைக் கோடு எழுப்பிய சூரியப் புதிர்

அடுப்பை விட்டு விலக விலகச் சூடு குறையும் என்பது குழந்தைக்கும் தெரியும். எரியும் அடுப்பைவிட வாசல் திண்ணை நூறு மடங்கு சூடாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் நாம் நம்பமாட்டோம். ஆனால், நமக்கு மிக அருகில் உள்ள விண்மீனான சூரியனில் நடப்பது ஏறத்தாழ இதுதான். நாம் காணும் அதன் ஒளிப்பரப்பின் வெப்பநிலை சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். அதற்கு மேலே பல லட்சம் கிலோமீட்டர் விரிந்து கிடக்கும் புறவளிமண்டலமான 'கரோனா'வின் வெப்பநிலையோ பத்து லட்சம் டிகிரிக்கும் அதிகம்.

கோடானுகோடி கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கருந்துளையின் நிழலைப் படம்பிடித்துவிட்ட அறிவியல், நாள்தோறும் நம் தலைக்கு மேல் வந்துபோகும் சூரியனைப் பற்றிய இந்தக் கேள்விக்கு இன்னும் முழுமையான விடை காணவில்லை. வானியலின் புதிர்கள் என்றாலே பேரண்டத்தின் விளிம்புக்குப் போய்விடுகிறோம். என்னைக் கேட்டால், மிக வியப்பூட்டும் புதிர் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறது.

கரோனாவை வெறும் கண்ணால் காண முழுச் சூரிய கிரகணம் வாய்க்க வேண்டும். 1868 ஆகஸ்ட் 18 அன்று அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூர், மசூலிப்பட்டினம் பகுதிகளில் அத்தகைய கிரகணம் தெரிந்தது. குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன் உள்ளிட்டோர் சூரிய ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தனர். அப்போது தென்பட்ட மஞ்சள் கோடு, அதுவரை அறியப்படாத ஹீலியம் என்ற தனிமத்துடையது என்று பின்னர் தெளிவாயிற்று. மறு ஆண்டு அமெரிக்காவில் தெரிந்த கிரகணத்தில் சார்லஸ் யங், வில்லியம் ஹார்க்னஸ் ஆகிய இருவரும் தனித்தனியே கரோனாவில் ஒரு பச்சைக் கோட்டைக் கண்டனர். இதுவும் புதிய தனிமம் என்று கருதி, அதற்குக் 'கரோனியம்' என்று பெயரும் சூட்டப்பட்டது.

ஹீலியம் 1895-இல் பூமியிலும் கிடைத்தது. கரோனியம் கிடைக்கவே இல்லை. ஏனெனில், அப்படியொரு தனிமம் கிடையாது. 1939 முதல் ஜெர்மனியின் குரோட்ரியனும் ஸ்வீடனின் எட்லெனும் செய்த ஆய்வுகள் உண்மையை வெளிக்கொணர்ந்தன. அந்தப் பச்சை ஒளியைத் தந்தது நமக்குப் பழக்கமான இரும்புதான். ஆனால், 26 எலெக்ட்ரான்களில் 13-ஐ இழந்துவிட்ட இரும்பு. அணுவிலிருந்து அத்தனை எலெக்ட்ரான்களை உரித்தெடுக்கச் சூழல் இருபது லட்சம் டிகிரி அளவில் கொதிக்க வேண்டும். இல்லாத தனிமம் மறைந்தது. அதன் இடத்தில் இன்றுவரை தீராத புதிர் வந்து அமர்ந்தது.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். வெப்பநிலை வேறு, வெப்பத்தின் அளவு வேறு. கம்பி மத்தாப்பின் பொறி ஆயிரம் டிகிரியைத் தொடும். கையில் விழுந்தாலும் பெரும்பாலும் காயம் ஏற்படுவதில்லை. நூறு டிகிரி கொதிநீர் ஒரு குவளை கொட்டினால் கை வெந்துவிடும். கரோனா மிக மெல்லிய வாயு. மத்தாப்புப் பொறியைப் போன்றது. ஆகவே, அதைச் சூடாக்கத் தேவைப்படும் ஆற்றல் சூரியனிடம் இருக்கிறதா என்பது கேள்வியே அல்ல. அந்த ஆற்றல் கீழிருந்து மேலே எப்படிப் போகிறது, அங்கே எப்படி வெப்பமாக மாறுகிறது என்பதே கேள்வி.

சூரியனின் காந்தப்புலமே ஆற்றலைச் சுமந்து செல்கிறது என்பதில் இன்று கருத்து வேறுபாடு அதிகமில்லை. வழி எது என்பதில்தான் இரு தரப்புகள். இழுத்துக் கட்டிய கம்பியில் அதிர்வு பரவுவதுபோல் காந்தக் கோடுகளின் வழியே அலைகள் மேலேறுகின்றன என்பது ஒன்று. 1942-இல் ஸ்வீடனின் ஹான்ஸ் ஆல்ஃப்வென் முன்வைத்த அலைகள் இவை. முறுக்கேறிய காந்தக் கோடுகள் அறுந்து மீண்டும் இணையும்போது எண்ணற்ற சிறு வெடிப்புகள் நிகழ்கின்றன என்பது மற்றொன்று. 1988-இல் யூஜின் பார்க்கர் சொன்னது.

இந்தப் பார்க்கரின் கதையில் நமக்கும் ஒரு பங்குண்டு. சூரியனிலிருந்து இடைவிடாது துகள்கள் பெருக்கெடுத்து வீசுகின்றன என்று 1958-இல் அவர் எழுதிய கட்டுரையை மதிப்பீட்டாளர்கள் இருவரும் நிராகரித்தனர். இதழின் ஆசிரியராக இருந்தவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கும் அக்கருத்தில் உடன்பாடில்லை. ஆயினும், கணக்கில் பிழை இல்லாததால் கட்டுரையை வெளியிட்டார். 1962-இல் மரைனர்-2 விண்கலம் அந்தச் சூரியக் காற்றை நேரடியாக அளந்து உறுதிப்படுத்தியது. 2018 ஆகஸ்டில் பார்க்கரின் பெயர் தாங்கிய விண்கலம் சூரியனை நோக்கிப் புறப்பட்டபோது, 91 வயதில் அதை நேரில் கண்டு மகிழும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டியது.

அந்தக் கலம் 2021 ஏப்ரலில் கரோனாவுக்குள்ளேயே நுழைந்தது. 2024 டிசம்பர் 24 அன்று சூரியப் பரப்பிலிருந்து 61 லட்சம் கிலோமீட்டர் தொலைவு வரை சென்று மீண்டது. காந்தக் கோடுகள் திடீர் திடீரெனப் பின்னோக்கி வளைவதை அது பதிவு செய்திருக்கிறது. ஐரோப்பாவின் சோலார் ஆர்பிட்டர் கலமோ சூரியனெங்கும் சிறுசிறு நெருப்புப் பொட்டுகளைக் கண்டது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கையில், அலைகளா வெடிப்புகளா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வழக்காக இது முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. இரண்டும் நிகழ்கின்றன. எங்கே எது மிகுதி, சூரியனின் எந்தப் பருவத்தில் எது மேலோங்குகிறது என்பதைத்தான் அளந்தறிய வேண்டும்.

இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. சூரியப் புயல்கள் கிளம்புவது கரோனாவிலிருந்துதான். 1989 மார்ச்சில் அத்தகைய புயலால் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சுமார் 60 லட்சம் மக்கள் பல மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தனர். 2024 மே மாதப் புயலின்போது லடாக்கின் ஹான்லேயில்கூட வானம் செந்நிறமாயிற்று. மின்கட்டமைப்பும் செயற்கைக்கோளும் இல்லாமல் ஒரு நாளைக்கூடக் கழிக்க இயலாத சமுதாயம், தன் சூரியனின் போக்கை அறியாமலிருப்பது ஆபத்தானது.

இத்துறையில் நாம் புதியவர்கள் அல்லர். 1899-இல் அமைந்த கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில்தான், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் எவர்ஷெட் கண்டறிந்தார். நூறாண்டுகளுக்கு மேலாக அங்கு சேர்ந்துள்ள சூரியப் படங்களை உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் பயன்படுத்துகின்றனர். அந்த ஆய்வகத்தை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனமே ஆதித்யா-எல்1 விண்கலத்தின் முதன்மைக் கருவியையும் உருவாக்கியது. 2024 ஜனவரி முதல் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று, சூரிய வட்டைச் செயற்கையாக மறைத்து, கரோனாவை அக்கருவி நோக்குகிறது. அது ஆராயும் நிறங்களுள் ஒன்று 1869-இல் கண்ட அதே பச்சைக் கோடு. திட்டத்தின் இயக்குநர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகார் ஷாஜி என்பது நமக்குப் பெருமை.

ஆனால், ஆதித்யாவின் திட்டமிட்ட ஆயுள் ஐந்து ஆண்டுகள். சூரியனின் சுழற்சியோ ஏறத்தாழ 11 ஆண்டுகள். உச்சத்தின்போது சென்ற கலம், சூரியன் அடங்கிக் கிடக்கும் பருவத்தை எட்டுமுன்னரே ஓய்வு பெறக்கூடும். ஆறு மாதங்களுக்கென அனுப்பிய மங்கள்யான் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் உழைத்தது உண்மைதான். அந்த நற்பேற்றை நம்பித் திட்டமிட முடியாது. ஏவும் நாளில் கைதட்டுவதில் நாம் குறை வைப்பதில்லை. அடுத்த கலத்துக்கு நிதி ஒதுக்குவதைப் பற்றித்தான் பேச்சைக் காணோம். ஆதித்யா பற்றிய எண்ணம் உருவானது 2008-இல். விண்ணில் ஏவப்பட்டது 2023-இல். அதே வேகத்தில் சென்றால், அடுத்த கலத்துக்கான பணியை இன்றே தொடங்கினாலும், 2035-ஐ ஒட்டி வரக்கூடிய அடுத்த சூரிய உச்சத்துக்கு அது போய்ச் சேராது.