தேநீரும் உள்ளவிழிப்பும்

கிருட்டிணகிரியினின்று ஓசூர் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது குருபரப்பள்ளி. விடியற்காலையில் அங்குள்ள தேநீர்க் கடைகளின் முன், இரவுப் பணி முடித்து மீளும் தொழிலாளரும், பகற்பணிக்குச் செல்வாரும், லாரி ஓட்டுநரும் தமிழும் தெலுங்கும் கன்னடமும் விரவிப் பேசி நிற்பர். ஒரு கையிற் குவளை; மற்றொரு கையில் அலைபேசி. குவளை வெறிதாகும், ஆயின், பருகிய தேநீரின் சுவை யாது எனின், விடை கூற வல்லார் சிலரே. சென்ற விடுமுறையில் அவருள் ஒருவராய் நின்ற யாமும் அவ்வினாவிற்கு விடையிறுக்க இயலாது நாணினோம். அந்நாணமே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

செய்யும் செயலிலேயே உள்ளம் நிலைத்திருத்தலை உள்ளவிழிப்பு எனலாம். தேநீருக்கும் இதற்கும் உள்ள தொடர்பு பழையது. எய்சாய் என்னும் ஜப்பானியத் துறவி 1191-இல் சீனத்தினின்றும் தேயிலை விதைகளைக் கொணர்ந்தார் என்பர். தியானத்தில் உறக்கம் அணுகாதிருத்தற்குத் துறவியர் தேநீரைப் பருகினர். பின்னர், சென் நோ ரிக்யூ (1522–1591) அதனைச் சிறு குடிலில் நிகழும் எளிய கலையாக்கினார். குடிலின் வாயில் தாழ்ந்தது. வீரரும் வாளைப் புறத்தே வைத்துக் குனிந்தே புகுதல் வேண்டும். அண்மைக் காலத்தில் வியட்நாமியத் துறவி திக் நியட் ஹான் (1926–2022) அன்றாடம் பருகும் தேநீரையே தியானமாகக் கொள்ளலாம் எனக் கற்பித்தார்.

இதற்குக் குடிலும் வேண்டா, பொருளும் வேண்டா. முதற்கண் அலைபேசியைப் பையில் இடுக. கடைக்காரர் உயர்த்தி ஆற்றுங்கால் எழும் நுரையை நோக்குக. குவளையின் வெம்மையைக் கையால் உணர்க, மணத்தை நுகர்க. முதல் மிடற்றின் துவர்ப்பையும் இனிப்பையும் வேறுவேறாக அறிக. மனம் பிறிதோரிடம் ஓடின், கடிந்து கொள்ளாது அடுத்த மிடற்றிற்கு மீட்டுக் கொணர்க. ஐந்து நிமிடம் போதும்.

இதனாற் பயன் என்னை எனின், கூறுதும். தேநீரிலுள்ள காஃபீன் உறக்கச் சோர்வைச் சிறிது நேரம் மறைக்குமேயன்றி, உறக்கத்திற்கு ஈடாகாது. விரைந்து பருகிச் செல்லும் ஓட்டுநர் தம் இமையின் பாரத்தை அறியார். நின்று நிதானித்துப் பருகுவார் அதனை அறிந்து, வண்டியை ஒதுக்கிச் சிறிது துயில்வர். அவ்வறிவு ஓருயிரைக் காத்தலுங் கூடும்.

இன்னும் ஒன்று. உள்ளம் விழிப்பின், குவளைக்கு அப்பாலும் நோக்கும். 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையில் வாணிகத்திற்காகத் தேயிலை பயிரிடத் தொடங்கிய பின், அம்மலைகளை வளப்படுத்தியவர் தமிழகத்தினின்று சென்ற ஏழைத் தொழிலாளரே. 1948-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் அவருட் பெரும்பாலார் குடியுரிமை இழந்தனர். 1964-இல் எழுந்த சிறிமா–சாத்திரி உடன்படிக்கையின்படி தாயகம் திரும்பியவருட் பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிற் பணிபுரிந்தனர். ஈரிலையும் ஒரு கொழுந்துமாகக் கிள்ளிய அத்தகையோர் விரல்களை நினையாது பருகுதல் முழுமையான விழிப்பாகாது.

ஆதலின், மாணவ நண்பர்காள்! நாளைக் காலை ஒரு குவளைத் தேநீரையேனும் முழுதும் பருகுமின். ஒன்றை முழுதும் செய்யக் கற்றார்க்கு நூலை முழுதும் பயிலலும், எதிரே இருப்பார் சொல்லை முழுதும் கேட்டலும் எளியவாகும்.