ஒரு மில்லிமீட்டர் இடுக்கு

வடபழனி நூறடி சாலையைப் பார்த்திருக்கும் ஒரு ஃப்ளாட்டின் படுக்கையறைச் சுவரை எடுத்துக்கொள்வோம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், இரண்டு பக்கமும் பூச்சு. வெளியே எழும் ஒலியில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்குதான் அதைத் தாண்டி உள்ளே வரும். அந்தச் சுவரில் நான்கடிக்கு நான்கடி ஜன்னல். மூடிய பிறகும் ஓரம் முழுக்க ஒரு மில்லிமீட்டர் இடுக்கு இருக்கிறது. அத்தனை இடுக்கையும் ஓரிடத்தில் சேர்த்தால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஜன்னல் பரப்பில் முந்நூறில் ஒரு பங்கு. இரவு பதினொரு மணிக்கு லாரிக்காரர் ஹாரன் அடித்ததும் தொட்டிலில் குழந்தை விழித்துக்கொள்கிறதே, பெரும்பாலும் அதற்குக் காரணம் இந்த உள்ளங்கையளவு ஓட்டைதான்.

எப்படி என்று பார்க்க டெசிபெல் கணக்குக் கொஞ்சம் வேண்டும். 10 டெசிபெல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் பத்தில் ஒன்றாகிறது; காதுக்கோ சத்தம் பாதியானதுபோலத்தான் தோன்றும். 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு, 30 குறைந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு. நல்ல லேமினேட்டட் கண்ணாடி 32 டெசிபெல் தடுக்கிறது என்றால், ஆயிரத்து அறுநூறில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடுகிறது என்று அர்த்தம். இடுக்கு எதையும் தடுப்பதில்லை. அதன் பரப்புக்கு உரிய முந்நூறில் ஒரு பங்கு அப்படியே உள்ளே நுழைகிறது. முழுக் கண்ணாடியும் சேர்ந்து அனுப்புவதைப்போல ஐந்து மடங்கு! விளைவு, 32 என்று காசு கொடுத்து வாங்கிய ஜன்னல் 24 டெசிபெல்தான் தடுக்கும். இன்னும் தடிமனான கண்ணாடி போட்டாலும் அந்த இடுக்கு இருக்கும்வரை 25-ஐத் தாண்டாது.

ஆகவே சாலை இரைச்சலுக்காக ஜன்னல் மாற்ற நினைப்பவர்கள் கண்ணாடியைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், அது எப்படி மூடுகிறது என்று கேட்க வேண்டும். நம் அடுக்குமாடி வீடுகளில் அதிகம் இருப்பது ஸ்லைடிங் ஜன்னல். இடத்தை அடைக்காது, கொசுவலையை அதே ட்ராக்கில் ஓட்டிவிடலாம். ஆனால் ஓட வேண்டுமென்றால் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி இருந்தே ஆக வேண்டும். அந்த இடைவெளியில் வைப்பது பிரஷ் போன்ற மெல்லிய நார்ப் பட்டை. தூசியை அது நிறுத்தும். ஒலிக்கு அது ஒரு தடையே இல்லை. மழைநீர் வடிய ட்ராக்கின் அடியில் துளைகள் வேறு. கீல் வைத்துக் கதவுபோலத் திறக்கும் ஜன்னலின் கதை வேறு. மூடிக் கைப்பிடியைத் திருப்பினால் மூன்று நான்கு இடங்களில் பூட்டு விழுந்து, கதவு ரப்பர் பீடிங்கின் மேல் அழுந்தி உட்காருகிறது. தூங்கும் அறைக்கு இந்த வகைதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உள்பக்கக் கிரில் வழியாகக் கை நுழைந்து கைப்பிடியைத் திருப்ப வழி விடும்படி முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும்.

இப்போதிருக்கும் ஜன்னலில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்க ஓர் ஊதுபத்தி போதும். ஃபேனை நிறுத்திவிட்டு, காற்று வீசும் நேரமாகப் பார்த்து, ஜன்னலின் ஓரத்தையொட்டி மெதுவாக நகர்த்திக்கொண்டே வாருங்கள். நேராக எழும் புகை எங்கெல்லாம் வளைகிறதோ அங்கெல்லாம் ஒலிக்கும் வழி உண்டு. ஜன்னல் நிலைக்கும் சுவருக்கும் நடுவே பூச்சு விட்டுப்போன கோட்டையும் பாருங்கள். சிலிக்கோன் சீலன்ட் குழாய் ஒன்றும் அரை நாள் வேலையும் அங்கே தரும் பலனைப் பல நேரம் புதுக் கண்ணாடியால் தர முடியாது.

இடுக்குகளை அடைத்த பிறகுதான் கண்ணாடிக்கு வேலை. கனமான பொருள் ஒலியை அதிகம் தடுக்கும். எடை இரட்டிப்பானால் 6 டெசிபெல் கூடுதலாகக் கிடைக்க வேண்டும் என்கிறது கணக்கு. கண்ணாடியில் அந்தக் கணக்கு ஏமாற்றுகிறது. 4 மில்லிமீட்டர் கண்ணாடி சுமார் 29 டெசிபெல் தடுக்கிறது. அதைவிட இரண்டரை மடங்கு கனமான 10 மில்லிமீட்டர் கண்ணாடி கிட்டத்தட்ட 37 தர வேண்டும், தருவதோ 33.

காரணத்தை 1942-இல் விளக்கியவர் ஜெர்மானிய ஒலியியலாளர் லோதார் கிரெமர். காற்றில் எல்லாச் சுருதி ஒலியும் ஒரே வேகத்தில்தான் போகிறது, விநாடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர். கண்ணாடித் தகடு நெளியும்போது அதில் ஓடும் அலைகள் அப்படியல்ல. சுருதி ஏற ஏற அவற்றின் வேகமும் ஏறும். ஏதோ ஒரு சுருதியில் இரண்டு வேகமும் ஒன்றாகிவிடுகின்றன. அதுவரை வெளியே காற்று தள்ளுவதும் உள்ளே கண்ணாடி நெளிவதும் ஒன்றையொன்று குலைத்துக்கொண்டிருந்தன. இப்போது தேர் வடத்தை ஊரே ஒரே மூச்சில் இழுப்பதுபோல ஒவ்வொரு தள்ளலும் முந்தைய தள்ளலோடு சேருகிறது. அந்தச் சுருதியிலும் அதையொட்டிய மேல் சுருதிகளிலும் கண்ணாடி தடுப்பை இழந்து, ஒலியைத் தாராளமாக உள்ளே விடுகிறது.

அந்தச் சுருதி எது என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு: 12,000-ஐக் கண்ணாடியின் மில்லிமீட்டர் தடிமனால் வகுத்தால் வருவது ஏறத்தாழ எத்தனை ஹெர்ட்ஸ் என்ற எண். 4 மில்லிமீட்டருக்கு 3000, 6 மில்லிமீட்டருக்கு 2000. இனி கார் ஹாரனைப் பாருங்கள். இரைச்சலையும் மீறிக் கேட்க வேண்டும் என்பதற்காகவே 2000 முதல் 3500 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் பலமாக ஒலிக்கும்படி அதைச் செய்கிறார்கள். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் அந்தப் பகுதியில்தான். கண்ணாடி தளர்ந்துபோகும் இடம், ஹாரன் கத்தும் இடம், காது கூர்மையாக இருக்கும் இடம் மூன்றும் ஒன்றாக வந்து விழுகின்றன. ஜன்னலைச் சாத்திய பிறகும் ஹாரன் மட்டும் தனியாகக் குத்துகிறது என்று சாலையோரக் குடித்தனக்காரர்கள் சொல்வது மனப்பிரமையே அல்ல.

லேமினேட்டட் கண்ணாடி உதவிக்கு வருவது இங்கேதான். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிவிபி என்ற மெல்லிய பிளாஸ்டிக் படலம். 3 மில்லிமீட்டர் இரண்டு சேர்த்துப் படலம் 0.38 என்றால் கடையில் 6.38 என்பார்கள். கண்ணாடி நெளிய முயலும்போது இந்தப் படலம் பக்கவாட்டில் இழுபட்டு, அதிர்வைச் சிறு வெப்பமாக மாற்றிவிடுகிறது. தேர் நகரத் தொடங்கும் முன்பே வடத்தில் முறுக்குக் குறைகிறது. உடைந்தாலும் சிதறாத கண்ணாடி வேண்டும் என்று பிரான்சின் எடுவார்ட் பெனடிக்டஸ் 1909-இல் காப்புரிமை வாங்கிய யோசனையின் வழித்தோன்றல் இது. காரின் முன்கண்ணாடியும் இதே இனம். ஒலிக்கென்றே மென்மையாகச் செய்த படலமும் கிடைக்கிறது. ஹாரன்தான் உங்கள் தொல்லை என்றால் அதற்குக் கூடுதல் விலை கொடுக்கலாம்.

பஸ்ஸும் லாரியும் வேறு தினுசு. சிக்னலில் நின்று கிளம்பும் பஸ்ஸின் உறுமல் 100 ஹெர்ட்ஸை ஒட்டிய தாழ்ந்த ஒலி. இதற்குத்தான் பலரும் டபுள் கிளேசிங் போட்டு ஏமாறுகிறார்கள். 12 மில்லிமீட்டர் காற்று இடைவெளியுடன் இரண்டு கண்ணாடி. நடுவே அடைபட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கிறது. 5 மில்லிமீட்டர் கண்ணாடிகள் இரண்டு என்றால் அந்த ஸ்பிரிங்கில் அவை 220 ஹெர்ட்ஸ் வாக்கில் சேர்ந்து துள்ளும். அந்தச் சுருதியில் இரட்டைக் கண்ணாடி ஒற்றைக் கண்ணாடியைவிட மோசம். அதற்குக் கீழேயும் லாபம் ஒன்றும் பெரிதாக இல்லை. குளிர் தேசங்களில் வெப்பத்தைக் காப்பதற்குப் பிறந்த பொருள் அது.

இடைவெளியை 100 மில்லிமீட்டராக்கினால் துள்ளல் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்குகிறது, அதற்கு மேலுள்ளதெல்லாம் அடங்கத் தொடங்குகிறது. நம் ஒன்பது அங்குலச் சுவர் இதற்கென்றே வாய்த்தது. வெளி ஓரத்தில் பழைய ஜன்னல் இருக்கட்டும். கிரிலை நடுவில் விட்டுவிட்டு, சுவரின் உள் ஓரத்தில் இரண்டாவது ஜன்னல் ஒன்றை ரப்பர் பீடிங்குடன் வைத்துவிடலாம். இரண்டு கண்ணாடிக்கும் தடிமன் வேறாக இருந்தால் ஒன்று தளரும் சுருதியில் மற்றது தாங்கும். ஒழுங்காக அடைத்தால் 40 டெசிபெலைத் தாண்டும். எத்தனை விளம்பரம் வந்தாலும் சாலையோரப் படுக்கையறைக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் அறியேன்.

கனத்த திரைச்சீலைக்குச் செலவழிக்க வேண்டாம். அறைக்குள் எதிரொலியை அது குறைக்கும், வெளியிலிருந்து வருவதை நிறுத்தாது. மேல் மாடிக்குப் போனாலும் பெரிய நிம்மதி இல்லை. ஓயாமல் வண்டி ஓடும் சாலை ஒரு நீண்ட கோடு. அதிலிருந்து விலகும் தூரம் இரட்டிப்பானால் 3 டெசிபெல்தான் குறையும்.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு பத்து மணிக்கு மேல் 45 டெசிபெல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. நல்ல தூக்கத்துக்குப் படுக்கையறைக்குள் 30 இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் சொன்னது. வாசலில் 70 இருக்கும் வீட்டில் சாதாரண ஜன்னல் 24 கழித்தால் உள்ளே 46. இது குழந்தைகளும் முதியவர்களும் இரவு முழுக்கச் சுமக்கும் பாரம். இதைப் பழகிவிடும் என்று சொல்லித் தள்ளுவது எனக்குச் சம்மதமில்லை. நாம் தூங்கினாலும் காது தூங்குவதில்லை, ஒவ்வொரு ஹாரனுக்கும் இதயத்துடிப்பு ஏறி இறங்குகிறது.

இவ்வளவு இறுக்கி அடைத்த அறைக்குக் காற்று வேண்டும் என்பதையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். சாலைப் பக்கத்தை அடைத்து, வீட்டின் பின்புறம் அல்லது கட்டடத்தின் நடுவே காற்றுக்காக விட்ட திறந்தவெளிப் பக்கம் பார்த்த ஜன்னலைத் திறந்து வைப்பது முதல் வழி. ஏசி குழாய் போகும் துளையைச் சுற்றிப் புட்டி வைத்து அடைத்திருக்கிறதா, குளியலறை வென்டிலேட்டரில் கண்ணாடிப் பட்டைகள் பிளந்து நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டு, குளியலறைக் கதவை இரவில் சாத்தி வையுங்கள். புது ஜன்னல் வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்க வேண்டியது, கண்ணாடிக்கு மட்டுமின்றிச் சட்டத்தோடு சேர்ந்த முழு ஜன்னலுக்குமான சோதனைச் சான்று. அதில் ஆர்டபிள்யூ என்ற எண்ணின் பக்கத்தில் சிடிஆர் என்று ஒரு கழித்தல் எண் இருக்கும். சாலை இரைச்சலுக்குக் கழித்துக்கொள்ள வேண்டிய அளவு அது. 35-உம் கழித்தல் 5-உம் என்றால் உங்கள் வீட்டில் அது 30 டெசிபெல் ஜன்னல்.