நண்டின் நரம்பும் நமது சிறுநீரகமும்

இரத்தத்தைச் சுத்தி செய்யும் யந்திரத்தின் பக்கத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை படுத்துக் கிடப்போர் இன்று பட்டணவாசிகள் மட்டுமல்லர். சங்கரன்கோவில் போன்ற ஊர்களிலிருந்தும் விவசாயியும் நெசவாளியும் அன்றைய கூலியை இழந்து, துணைக்கு ஒருவரையும் அழைத்துக்கொண்டு சிகிச்சைக்காகப் பஸ் ஏறுகின்றனர். அவர்களிடம் பழுதுபட்டுப்போன உறுப்பு செய்யும் வேலைதான் என்ன? அதன் ரகசியம் எவ்வாறு வெளிப்பட்டது? இதைப் பொது ஜனங்கள் அறிதல் அவசியம்.

சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டரே வெளியேறுகிறது. மற்றதெல்லாம் இரத்தத்துக்கே மீள்கிறது. வடித்தல் எளிது; வேண்டியதை மீட்டலே அரிது. அம்மீட்புக்கு ஆதாரமாயிருப்பது உயிரணுவின் சவ்வில் பதிந்துள்ள ஒரு புரதம். அது ஏற்றம் இறைப்பதுபோல மூன்று சோடியம் அயனிகளை அணுவினின்று வெளியேற்றி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே கொணர்கிறது. உப்பைத் தொடர்ந்து நீரும் செல்கிறது.

இதனைக் கண்டவர் டென்மார்க் தேசத்து உடலியல் நிபுணர் ஜென்ஸ் ஸ்கௌ. 1918-இல் பிறந்து, 1944-இல் வைத்தியப் பட்டம் பெற்ற அவர், உடலின் ஒரு பகுதியை மரத்துப்போகச் செய்யும் மருந்து எவ்வாறு வேலை செய்கிறது என்று அறியவே ஆராய்ச்சியில் புகுந்தார். சிறுநீரகம் அப்போது அவர் கருத்தில் இல்லை. ஆர்ஹூஸ் சர்வகலாசாலையில் நண்டின் கால் நரம்புகளைச் சோதித்தபோது இப்புரதம் அகப்பட்டது. 1957-இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பில் 'இறைப்பி' என்ற சொல்லைக்கூட அவர் சேர்க்கவில்லை. பின்னர் அதே சர்வகலாசாலையில் சிறுநீரகத்திலிருந்தே அப்புரதத்தைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தனர். நோபல் பரிசு கிட்டியது 1997-இல். அப்போது அவருக்கு வயது 79. 2018-இல் அவர் காலமானார்.

அந்த இறைப்பியை ஓட்டும் சக்தி ஏ.டி.பி. என்னும் பொருளிலிருந்து வருகிறது. அப்பொருளை 1929-இல் ஹார்வர்டில் பிஸ்கே என்பவருடன் சேர்ந்து கண்டவர், நமது சென்னை வைத்தியக் கல்லூரி மாணவராயிருந்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அதே காலத்தில் ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனியே அதைக் கண்டார். சுப்பாராவ் கதர் அங்கி அணிந்தமையால் ஆங்கில ஆசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, முழுப் பட்டம் மறுக்கப்பட்டு, எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறினார் என்று அவரது சரித்திரம் கூறுகிறது. கடல் கடந்து சென்ற அம்மேதை 1948-இல் அமெரிக்காவிலேயே மாண்டார்.

"ஏழை நாட்டுக்கு நண்டு நரம்பு ஆராய்ச்சி எதற்கு?" என்று கேட்போர் உண்டு. நம் கிராமத்தார் நன்கறிந்த மஞ்சள் அரளி விதையின் விஷம் இதயத்தைத் தாக்குவது இந்த இறைப்பியை முடக்குவதால்தான். இதன் இனத்தைச் சேர்ந்த வேறோர் இறைப்பி வயிற்றில் அமிலத்தைச் சுரக்கச் செய்கிறது. அதைத் தடுக்கும் ஒமிப்பிரசோல் மாத்திரை இன்று மருந்துக் கடைதோறும் கிடைக்கிறது. பயன் எங்கே விளையும் என்று விதைக்கும்போதே கணக்குக் கேட்பது நியாயமன்று. ஸ்கௌவிடம் அப்படிக் கேட்டிருந்தால் அவரால் விடை கூறியிருக்க முடியாது.

சுப்பாராவுக்குத் தடையாயிருந்தது அன்னிய ஆட்சி. இன்று ஆட்சி நம்முடையது. ஆயினும் 2020-21-இல் பாரத தேசம் ஆராய்ச்சிக்குச் செலவிட்டது மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதமே. இதற்கு யாரைக் குறை கூறுவது? திருநெல்வேலி வைத்தியக் கல்லூரி 1965-இல் தொடங்கப்பெற்றது. அத்தகைய கல்லூரிகளில் நோயாளரின் கூட்டத்துக்குக் குறைவில்லை. அங்குள்ள இளம் வைத்தியர்களில் ஆராய்ச்சி நாட்டமுள்ளோருக்குச் சோதனைச்சாலையும் பத்தாண்டு மானியமும், இடையில் பலன் கேட்டு நச்சரிக்காத மேலதிகாரிகளும் வேண்டும். இவற்றைச் சர்க்கார் அளிக்கக் கடமைப்பட்டிருக்கிறது.

பொது ஜனங்களுக்கும் ஒரு வார்த்தை. சிறுநீரகம் கெடுவதற்கு முக்கியக் காரணங்கள் நீரிழிவும் இரத்த அழுத்தமுமே. இரண்டும் ஆரம்பத்தில் வலி காட்டா. வருஷத்துக்கு ஒரு தடவையேனும் சர்க்கரையையும் அழுத்தத்தையும் பரீட்சித்துக்கொள்வதற்கு ஆகும் செலவு சொற்பம். யந்திரம் அழுக்கை ஓரளவு வடிக்கும். கோடிக்கணக்கான உயிரணுக்கள் இரவு பகலாகச் செய்யும் மீட்பு வேலையை அது செய்ய இயலாது. ஆதலால் வீட்டிலுள்ள பெரியவர்களை இம்மாதத்திலேயே அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுமாறு வேண்டிக்கொள்கிறோம்.