ஊர் உணவகமும் ஆற்றுப்படை நெறியும்

ஒரு நாட்டின் இயல்பை அறிய விரும்புவார்க்குக் கோயிலும் கலையும் மொழியும் வாயில்களாக அமைதல் போல, உணவும் ஒரு வாயிலாக அமைகின்றது. நிலத்தின் விளைவு, மக்களின் தொழில், பிற நாட்டினின்று வந்து கலந்தாரின் வரலாறு ஆகிய யாவும் உணவில் தம் சுவட்டைப் பதித்துள்ளன. சுற்றுலாவை வளர்க்க முனைவோர் வட்டார உணவையும், அதனை ஆக்கி விற்கும் ஊர் உணவகங்களையும் முன்னிறுத்த வேண்டும் என இக்காலத்தே கூறுகின்றனர். அக்கூற்று ஏற்புடையதே. ஆயினும், ஊர் உணவகம் என்பது யாது, அதனைப் பண்பாட்டின் கூறாக ஆக்குவது யாது என்னும் வினாக்களுக்கு விடை காணாது செய்யும் விளம்பரம், காக்க விரும்பிய பொருளையே சிதைத்துவிடக் கூடும். ஆதலின் அவ்வினாக்களை ஈண்டு ஆராய்வோம்.

இருவகை விருந்து

வழிச்செல்வார்க்கு உணவு கூறி வழிகாட்டும் நெறி தமிழுக்குப் புதியதன்று. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மா நாட்டு நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணர்க்கு எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என்னும் ஊர்களை முறையே காட்டுகின்றது. நெய்தல் நிலத்து எயிற்பட்டினத்தில் சுட்ட உலர்மீன் கிடைக்கும். வேலூரில் எயினர் மனையில் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும் கிடைக்கும். மருதநிலத்து ஆமூரில் வெண்சோறும் நண்டும் கிடைக்கும். இவை அந்நிலத்து மக்கள் தம் நிலம் தந்தவற்றைக் கொண்டு தமக்கென ஆக்கும் உணவுகள். பாணர் அவற்றில் பங்கு பெறுகின்றனர்.

அரண்மனையில் அவர் பெறும் விருந்தோ வேறு வகையினது. அது வீமன் செய்ததாகக் கருதப்படும் அடிசில் நூலின் நெறி வழுவாது ஆக்கப்பட்டுப் பொற்கலத்தில் இடப்படுவது. நூல்நெறியால் ஆவதனை எவ்வூரிலும் ஆக்கலாம். நிலத்தால் ஆவதனை அவ்வந்நிலத்திலேதான் பெறலாம். நெடுஞ்சாலைதோறும் ஒரே பெயரும் ஒரே சுவையும் கொண்டு விளங்கும் இற்றைநாள் உணவு நிறுவனங்கள் முன்னதன் வழிவந்தவை. ஊர் உணவகம் பின்னதன் வழிவந்தது எனலாம்.

ஆற்றுப்படையில் வருவது விலையில்லா விருந்தாயினும், விலைக்கு உணவு விற்றலும் பழந்தமிழர் அறிந்ததே. புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் பிட்டு விற்போரும் அப்பம் விற்போரும் இருந்தமையைச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. மதுரையின் இரவுக் கடைவீதியில் அடையும் மோதகமும் விற்ற கூவியரை மதுரைக்காஞ்சி காட்டுகின்றது. நள்ளிரவிலும் இட்டலிக் கடைகள் விளங்கும் மதுரையைக் கண்டார்க்கு இச்செய்தி வியப்பளியாது.

ஊர் உணவகத்தின் இலக்கணம்

உணவின் பழமை ஒன்றே ஓர் உணவகத்தை ஊர் உணவகம் ஆக்கிவிடாது. இன்று நம் குழம்பிற்கு உறைப்பூட்டும் மிளகாய், போர்ச்சுகீசியர் வருகைக்குப் பின்னர் அமெரிக்கக் கண்டத்தினின்று வந்தது. சங்க காலத்தார் மிளகையே அறிவர். சென்னையில் கால்கொண்ட உடுப்பி உணவகங்களைத் தொடங்கியவர் கன்னட நாட்டினின்று வந்தோர். 1960களில் பர்மாவினின்று திரும்பிய தமிழர், சென்னைக் கடற்கரை நிலையத்தின் அருகே 'அத்தோ' என்னும் உணவை விற்கத் தொடங்கினர். அத்தள்ளுவண்டி ஒவ்வொன்றும் ஒரு புலப்பெயர்வின் வரலாற்று ஏடாகும்.

எனவே, ஊர் உணவகத்திற்கு மூன்று இலக்கணங்கள் கூறலாம். உரிமையாளர் அவ்வூரில் வாழ்பவராதல் ஒன்று. அரிசியும் காயும் பாலும் வாழையிலையும் அவ்வூர்ச் சந்தையில் கொள்ளப்படுதல் மற்றொன்று. அவ்வூர் மக்களே நாள்தோறும் அங்கு வந்து உண்ணுதல் மூன்றாவது. முதலிரண்டால் ஈட்டிய பொருள் ஊரிலேயே சுழலும். மூன்றாவதால் சுவை நிலைபெறும். ஒருமுறை வந்து செல்லும் பயணி, சாம்பார் நேற்றினும் நீர்த்திருப்பதை அறியான். நாள்தோறும் உண்பவரோ முதற்கவளத்திலேயே அறிந்து, கடைக்காரரிடம் முகத்திற்கு நேரே கூறுவார். சுவையின் காவலர் அவரே. இம்மூன்றனுள் இறுதியதே தலைமையானது என்பது எம் துணிபு.

விளம்பரமும் விளைவும்

1999இல் இயற்றப்பட்ட புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்வழித் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019இலும், கோவிற்பட்டிக் கடலைமிட்டாய் 2020இலும் குறியீடு பெற்றன. இது நன்றே. ஆயினும் அச்சட்டம் பண்டத்தின் பெயரைக் காக்குமேயன்றி, அடுப்படியில் நிற்பாரையோ அவர்தம் வாடிக்கையாளரையோ காவாது. 2020இல் சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தபோது, தனி உணவு எதனையும் சுட்டாது, பல இனத்தாரும் ஒருங்கிருந்து உண்ணும் வழக்கத்தையே போற்றியது. தமிழரும் கடை நடத்தும் அவ்வங்காடிகளின் சிறப்பு இவ்வாறு உணரப்பட்டமை நாம் கருதத்தக்கது.

பயணியர் பெருகின் நேரும் இடர் யாதெனின், கடைவாடகை உயரும், விலை உயரும், உள்ளூர்த் தொழிலாளி காலை இட்டலிக்கு வேறிடம் நாடுவான். அவன் நீங்கிய பின்னர்ப் பயணி காண்பது, தன்னைப் போன்ற பயணியரையே. எனவே சுற்றுலாத் துறையினர் உணவகங்களைத் தேரும்போது, ஊரார் உண்ணும் கடையா என்பதனை முதல் வினாவாகக் கொள்ளல் வேண்டும். பேருந்து நிலையங்களிலும் சந்தைகளிலும் நகராட்சிக்கு உரிய கடைகளை ஏலத்தில் மிக்க தொகை கேட்பார்க்கே விடாது, ஒரு பகுதியை உள்ளூர்ச் சமையலார்க்குத் தாங்கும் வாடகையில் அளித்தல் வேண்டும். உணவுப் பட்டியல்களில் வட்டாரப் பெயர்களை மாற்றாது எழுதுதல் வேண்டும். பெயர் மறையின் செய்முறையும் பின்னர் மறையும்.

தமிழ்த்துறைகட்கும் ஈண்டு ஒரு கடமை உண்டு. சமையற்கட்டில் மாவின் பதத்திற்கும், எண்ணெயின் சூட்டிற்கும், குழம்பின் கொதிக்கும் வழங்கும் சொற்கள் பல இன்னும் அகராதி ஏறவில்லை. அவற்றை அறிந்த முதியோர் பலரின் மக்கள் வேறு தொழிலை நாடிச் சென்றுவிட்டனர். அம்முதியோர் உள்ளபோதே அச்சொற்களைத் தொகுத்தல் நம் ஆய்வாளர்க்கு ஏற்ற பணியாகும்.

பழைய ஆற்றுப்படையில் வழிகாட்டுபவன் தான் கண்டதையும் உண்டதையுமே கூறினான். தன்னை வரவேற்ற ஊரின் இயல்பைத் திரிக்கவில்லை. ஊர் உண்ணும் உணவில் பயணிக்கும் பங்களிப்பதே இன்றைய சுற்றுலாவிற்கும் உரிய நெறியாகும்.