வாளைப் பார்த்தால் போதாது, பதிவேட்டையும் பார்ப்போம்

வருசநாட்டுப் பக்கமிருந்து பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளைச் சென்னைக்குச் சுற்றுலா அழைத்துப் போனால், மெரினாவையும் வண்டலூரையும் காட்டித் திரும்பிவிடுகிறோம். இன்னும் இரண்டு இடங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று, புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகம். மற்றொன்று, எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

கோட்டை அருங்காட்சியகம் இயங்கும் கட்டடம் 1795-இல் கட்டி முடிக்கப்பட்டது. 1948 முதல் பொதுமக்கள் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை. உள்ளே பீரங்கி, வாள், நாணயம், துரைமார்களின் ஆளுயர ஓவியங்கள், காரன்வாலிஸ் சிலை எல்லாம் உண்டு. 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடியும் அங்கேதான் இருக்கிறது.

இந்தக் கோட்டையை ஒட்டித்தான் பழைய சென்னை வளர்ந்தது. உள்ளே வெள்ளையர் நகரம், வெளியே கறுப்பர் நகரம் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வரைந்த சென்னை வரைபடங்களில் மூன்றாவதாக ஒரு பெயரும் இருக்கிறது: ‘பெரிய பறச்சேரி’. நம் கிராமத்தில் ஊருக்கும் சேரிக்கும் நடுவே விழுந்திருக்கிற கோடு, கம்பெனிக்காரர்கள் புதிதாக உண்டாக்கிய நகரத்திலும் விழுந்திருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. துரைமார் வீடுகளில் உழைத்தவர்களில் நம் மக்கள் ஏராளம். ஆனால் சுவரில் தொங்குவது துரைமார் படங்கள்தான்.

நம் மக்களைத் தேட எழும்பூருக்குப் போக வேண்டும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், காந்தி இர்வின் சாலையில், சிவப்பு நிறத்தில் நிற்கும் பழைய கட்டடம் அது. 1670-களில் தொடங்கி அரசாங்கக் காகிதங்கள் அங்கே அடுக்கப்பட்டுள்ளன. கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டும் அழகுப் பொருட்கள் அல்ல அவை. கடிதம், அரசாணை, வருவாய்த் துறைக் குறிப்பு, நிலவரிக் கணக்கு. பார்க்கச் சாதாரணமானவை. ஆனால் ஒரு சமூகத்தின் வாழ்வாதாரமே அதில் அடங்கிக் கிடக்கும்.

பஞ்சமி நிலத்தையே எடுத்துக்கொள்வோம். 1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் ஓர் அறிக்கை அனுப்பினார். ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, அதை வைத்தே அவர்களை அடக்கி வைக்கிறார்கள் என்று அதில் எடுத்துக் காட்டினார். அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30-ஆம் தேதி அரசாணை வந்தது. சென்னை மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. 10 ஆண்டுகளுக்கு விற்கவோ, அடமானம் வைக்கவோ கூடாது. அதன் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்க வேண்டும். மற்றவர் கைக்குப் போனால் அது செல்லாது, அரசு திரும்ப எடுக்கலாம்.

1994-இல் செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் இறங்கினார்கள். அக்டோபர் 10-ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். அவர்கள் கேட்டது சலுகை அல்ல, நூறு வருடத்துக்கு முன் அரசே எழுதிக் கொடுத்த உரிமை. எழுத்து இருந்ததால்தான் அதை உரிமை என்று கேட்க முடிந்தது.

நம் பகுதியில் அப்படி நிலம் இருந்ததா, இருந்தால் இன்று யார் பெயரில் இருக்கிறது? டீக்கடையில் பேசி முடிவு காண முடியாது. ‘ஏ’ பதிவேட்டில் ‘டி.சி.’ என்ற நிபந்தனைக் குறிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இப்போதுள்ள பதிவோடு நின்றுவிடக் கூடாது. 1979 முதல் நடந்த யூ.டி.ஆர். திட்டத்தில் கணக்கு மாற்றி எழுதியபோது இந்தக் குறிப்பு விடுபட்டுப் போன ஊர்கள் உண்டு. அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கண்டமனூர் ஜமீன் போல ஜமீன் ஆண்ட ஊர்களில், 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் எழுதிய கணக்குதான் அடிப்படை.

தேடும்போது இன்னொன்றும் நினைவிருக்கட்டும். தேனி மாவட்டம் 1996-இல்தான் பிரிந்தது. பழைய காகிதத்தில் நம் ஊர் ‘மதுரை ஜில்லா, பெரியகுளம் தாலுகா’ என்ற பெயரில் இருக்கும்.

கிராம நிர்வாக அலுவலகம், தாலுகா அலுவலகம், கலெக்டர் அலுவலகப் பதிவறை, கடைசியாக எழும்பூர் என்று படிப்படியாகப் போகலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். வரலாறு படிக்கும் மாணவர்கள் கல்லூரிக் கடிதத்தோடு காப்பகத்தை அணுகி, சொந்த ஊரையே ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

அதற்கு முன் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. தாத்தா, பாட்டியின் டிரங்குப் பெட்டியில் பழைய பட்டாவோ, கிஸ்தி ரசீதோ இருந்தால், கரையான் அரிப்பதற்குள் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். சர்வே எண்ணைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கிராம சபையில் அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்: “இந்த நிலம் இன்று யாரிடம் இருக்கிறது?”